பந்தலுக்கு அப்பால் போன வரிசை

இப்படிக் கிட்ட வாருங்கள், என் செல்வங்களே. பின்னால் நிற்கிறவர்களும் முன்னால் வாருங்கள், இடம் இருக்கிறது. யாராவது சாப்பிடாமல் வந்திருந்தால் கூச்சப்படாமல் இப்போதே சொல்லிவிடுங்கள். பசியோடு கேட்டால் இந்தக் கதை நெஞ்சில் ஏறாது, வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாருக்கும் ஆயிற்றா? அப்படியானால் ஒரு வரிசையின் கதையைச் சொல்கிறேன். கேட்டு முடித்து வீட்டுக்குப் போகும்போது உங்களோடு கூடவே நடந்து வருகிற கதை இது.

ஏழ்துறை என்று ஒரு நாடு இருந்தது. எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். மழை பெய்தால் நனைந்து, வெயில் அடித்தால் காய்ந்து, நம்மைப் போலவே ஆட்கள் வாழ்ந்த நாடு. அந்த நாட்டில் வருஷத்துக்கு ஒரு நாள், அறுவடை முடிந்த கையோடு, சனங்கள் எல்லாரும் அரண்மனைக்கு எதிரே உள்ள திடலில் வந்து நிற்பார்கள். வரிசை நாள் என்று அதற்குப் பெயர். திடலில் சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டிலிருந்து மூன்று வரிசைகள் புறப்படும். வீட்டில் எல்லாம் இருக்கிறது என்பவர்கள் 'நிறை' வரிசை. ஏதோ ஓடுகிறது என்பவர்கள் 'போதும்' வரிசை. அடுப்பு எரியவில்லை என்பவர்கள் 'குறை' வரிசை. அரண்மனையின் மேல்மாடத்திலிருந்து பார்த்தால் மூன்று வரிசையும் தரையில் வரைந்த மூன்று பட்டைகள் போலத் தெரியும். எது நீளமோ அதுதான் அந்த வருஷத்து நாட்டின் நிலைமை. குறை வரிசை நீண்டுவிட்டால் அரண்மனைக் களஞ்சியத்தைத் திறக்க வேண்டும். அடுத்த அறுவடை வரை அரசரும் கூழ்தான் குடிக்க வேண்டும். யாரோ பழைய அரசர் போட்ட சட்டம். அவருக்குக் கூழ் பிடிக்கும் போலிருக்கிறது.

விடிந்ததும் கோட்டைப் போடுவதும், பிறகு மேல்மாடம் ஏறி எந்த வரிசை நீளம் என்று உரக்கச் சொல்வதும் ஒரே அதிகாரியின் வேலை. அவருக்கு வரிசை கூறுபவர் என்று பட்டம். நம் கதை நடந்த காலத்தில் அந்தப் பட்டம் அரியநாயகத்திடம் இருந்தது. சரிகைத் துண்டு, அரண்மனை வளாகத்திலேயே வீடு, வாசலில் வில்வண்டி என்று எல்லாம் அவருக்கு இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஓர் அக்காவும் இருந்தாள்.

அவருக்கு இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் மூன்றாம் வகுப்பு.

ஏழ்துறையில் இளவரசர்கள் மூன்றாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளியில்தான் படிப்பார்கள். அதற்கு மேல் படித்தால் ஆட்சிக்கு இடைஞ்சல் என்று நிறுத்திவிடுவார்கள். அப்போது மன்னராக இருந்த கீர்த்திவளவரும் அரியநாயகமும் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். கீர்த்திவளவருக்கு அந்தக் காலத்தில் பலாக்கொட்டை என்று பெயர். இடைவேளை மணி அடித்தால் சட்டைப்பையிலிருந்து சுட்ட பலாக்கொட்டையை எடுத்து, ஒன்றைத் தான் தின்று, ஒன்றை அரியநாயகத்தின் உள்ளங்கையில் வைப்பார். சூடு ஆறியிருக்காது. இந்தக் கை, அந்தக் கை என்று மாற்றி மாற்றி ஊதித் தின்ற அந்தக் கொட்டையின் ருசி, பிறகு எந்த விருந்திலும் அரியநாயகத்துக்குக் கிடைக்கவில்லை.

தையல்நாயகி டீச்சர் ஒருநாள் கணக்குப் பாடத்தைப் பள்ளிக்கு வெளியே நடத்தினார். வேப்பமரத்தடியில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு.

"மாம்பழம் பிடிச்சவங்க இங்க, பலா இங்க, நாவப்பழம் இங்க. ஒவ்வொருத்தரா வந்து நில்லுங்க. எல்லாரும் கோட்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும். முன்னால நிக்கிறவன் தோள்ல கை வைக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு இடம்தான். டேய், காலை அகட்டி ரெண்டு ஆள் இடத்தை நீயே பிடிக்காதே!"

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடி நின்றார்கள். மா வரிசை மரத்தடியைத் தாண்டிப் போயிற்று. நாவல் வரிசையும் சுமாராக இருந்தது. பலா வரிசையில் இளவரசர் மட்டும் தனியாக நின்றார். முதலில் திரும்பிப் பார்த்தார். பிறகு உதடு பிதுங்கியது. நாவல் வரிசையில் நின்றிருந்த அரியநாயகம் அதைப் பார்த்துவிட்டு, நைஸாக நழுவிப் போய், அழுகிற தோளில் கை வைத்து நின்றான்.

டீச்சர் அதைப் பார்த்தார். எல்லாரையும் பள்ளித் திண்டின் மேல் ஏற்றிக் கோட்டைக் காட்டினார். "படத்தைப் பார்க்கும்போது எல்லாரும் உச்சியைத்தான் பார்ப்பாங்க. நீங்க முதல்ல அடியைப் பாருங்க. எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு தெரியாம எது உசரம்னு சொல்லக் கூடாது."

அந்த வேப்பம்பூ வாசனை, பலா வரிசையின் சூடான தோள், சாக்குக்கட்டித் தூள் படிந்த டீச்சரின் முந்தானை. மேல்மாடத்தில் தனியாக நிற்கிற போதெல்லாம் அரியநாயகத்துக்கு இவை ஞாபகம் வரும்.

கீர்த்திவளவர் பட்டத்துக்கு வந்த முதல் வருஷம் மழை பொய்த்தது. வரிசை நாளில் குறை வரிசை நீண்டுவிட்டது. அரியநாயகம் உள்ளபடியே கூவினார். களஞ்சியம் திறந்தது. மன்னர் கூழ் குடித்தார். வருஷம் முழுக்கக் குடித்தார். கடைசியில் கூழ்ச் சட்டியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் பேரமைச்சர் சர்வார்த்த பூபதி கைகட்டி நின்றார். அவர் பேசினால் சாதாரணப் பேச்சும் கல்வெட்டு மாதிரி இருக்கும்.

"மன்னர் பெருமானே! நிறை வரிசையில் நிற்போர் தம் நிறைவை வெளிக்காட்ட வழியின்றி வெறுங்கையோடு நிற்கிறார்கள். இது நாட்டுக்கு இழுக்கு. இனி நிறைவாளர் ஒவ்வொருவரும் தத்தம் மாட்டுவண்டியோடு வரிசையில் நிற்கலாம் என்று ஆணையிட வேண்டுகிறேன்."

"குறைக்காரங்க?" என்றார் மன்னர்.

"அவர்களுக்கும் தடை இல்லை, பெருமானே. வண்டி வைத்திருந்தால் அவர்களும் கொண்டுவரலாம்."

அடுத்த வரிசை நாளில் ஊருக்குப் பத்துப் பதினைந்து பண்ணையார்கள் வண்டியும் மாடுமாக நின்றார்கள். ஒரு வண்டி, அதற்கு முன்னால் இரண்டு மாடு, பின்னால் ஒரு ஆள், மறுபடியும் வண்டி. நிறை வரிசை திடலின் எல்லையைத் தொட்டது. குறை வரிசையில் ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து ஊர் ஊராக ஆட்கள் நின்றும் அந்த நீளம் வரவில்லை. மேல்மாடத்தில் அரியநாயகத்துக்கு நாக்கு கொஞ்சம் தடுமாறியது. காலை அகட்டாதே என்று டீச்சர் சொன்னது காதில் விழுந்தது. பக்கத்தில் மன்னர் நின்றார். அவர் முகத்தில், பலா வரிசைக்கு ஆள் வந்தபோது தெரிந்த அதே சந்தோஷம். அரியநாயகம் கூவிவிட்டார்.

"நிறை வரிசையே நீளம்!"

நாடு நிறைந்துவிட்டதால் களஞ்சியம் திறக்கவில்லை. நிறைந்த நாட்டுக்கு வரியும் நிறைய இருக்க வேண்டும் என்று பேரமைச்சர் வரியை ஏற்றினார். மகிழ்ச்சி வரி என்று பெயர் வைத்தார். வரி கட்ட வண்டியை விற்ற சின்ன விவசாயிகள் அடுத்த வருஷம் குறை வரிசைக்கு வந்து சேர்ந்தார்கள். வரிசை மறுபடியும் நீளப் பார்த்தது.

பேரமைச்சர் மீண்டும் கைகட்டி நின்றார். இந்த முறை கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"பெருமானே! குறை வரிசையில் தாய்மார்கள் வெயிலில் வாடுகிறார்கள். என் நெஞ்சு பொறுக்கவில்லை. கோட்டிலிருந்து திடலின் பாதி வரைக்கும் ஒரு பந்தல் போடுவோம். பந்தலுக்குள் நீர்மோர் வழங்குவோம்."

மன்னருக்கே கண் கலங்கிவிட்டது. பந்தல் போட்டார்கள். தென்னங்கீற்று வேய்ந்து, தோரணம் கட்டி, பானை பானையாக நீர்மோர். கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்ட நல்ல மோர். அதைக் குறை சொல்ல முடியாது. சனங்கள் பந்தலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஏழ்துறைக்காரர்கள் ஒருவருக்கொருவர் இடம் விடுகிறவர்கள். "அம்மா, நீங்க வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க", "தாத்தா, இப்படி ஒண்டிக்குங்க" என்று ஒருவரை ஒருவர் நிழலுக்குள் இழுத்துக்கொண்டார்கள். நெருங்கி, நெருக்கி, மூச்சு முட்ட, குறை வரிசை மொத்தமும் பந்தலுக்கு அடியில் அடங்கிவிட்டது. பண்ணையார்களின் மாடுகள் மட்டும் கீற்றைக் கண்டு மிரண்டு வெளியே நின்றன.

மேல்மாடத்திலிருந்து பார்த்தால் பந்தலின் கூரை தெரிந்தது. கூரைக்கு அப்பால் வண்டி வண்டியாக நிறை வரிசை. குறை வரிசை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மண்.

"குறை எங்கே?" என்று மன்னர் கேட்டார்.

"இல்லை, பெருமானே!" என்றார் பேரமைச்சர். குரல் தழுதழுத்தது. "தங்கள் ஆட்சியில் குறையே இல்லை!"

எல்லாரும் அரியநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். கூரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "நிறை வரிசையே நீளம்," என்று கூவினார். போன வருஷத்தைவிடக் குரல் தெளிவாக வந்தது. பழகிவிட்டது.

இல்லாத குறைக்கு எதற்கு உதவி? கஞ்சித்தொட்டிகளை மூடினார்கள். அந்த வருஷத்துப் பட்டைப் படத்தை அரண்மனை ஓவியர் துணியில் வரைந்தார். மூன்றாம் வகுப்புப் புத்தகத்திலும் அதையே அச்சிட்டார்கள். நிறைக்குப் பச்சை வண்ணத்தில் நெட்டைப் பட்டை. போதும் என்பதற்கு நடுத்தரமாக ஒன்று. குறை என்று எழுதியதற்கு மேலே ஒன்றுமில்லை. படத்தின் மூலையில் 'ஒரு கட்டத்துக்கு இத்தனை பேர்' என்று அளவுத்திட்டம் போடுவார்கள் இல்லையா, அது ஓவியத்தின் அழகைக் கெடுக்கிறது என்று பேரமைச்சர் நீக்கச் சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில் அரியநாயகம் அக்கரைக்கு அக்கா வீட்டுக்குப் போனார். அக்காவின் பெயர் செங்கமலம். ஒருகாலத்தில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நாவல் மரம் மரமாக அலைந்தவள். அன்று அவள் கையில் வளையல் முழங்கை வரைக்கும் சரிந்து ஏறி இறங்கியது. அடுப்பில் பூனை படுத்திருந்தது.

"உக்காருடா தம்பி. தண்ணி தரட்டுமா? வேற ஒண்ணும் இல்ல இன்னைக்கு," என்று சிரித்தாள். "நாளைக்கும் இல்ல, அது வேற விஷயம்."

"என்னக்கா இது? எங்கிட்டச் சொல்லி அனுப்பக்கூடாதா?"

"எதுக்குடா சொல்லணும்? வரிசை நாள்ல வந்து நின்னேனே. நீ மேல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தே? நான் உன்னைப் பாத்தேன். சரிகைத் துண்டு பளபளன்னு. பக்கத்துல நின்னவகிட்ட, அதோ எந் தம்பின்னு சொன்னேன். உனக்கு என்னைத் தெரிஞ்சுதா?"

அரியநாயகம் தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "பந்தல் மறைச்சிட்டுதுக்கா."

"ஆமாமா. நல்ல நிழல்," என்றாள் செங்கமலம். அவள் குத்திப் பேசவில்லை. அவளுக்கு அப்படிப் பேசவே தெரியாது. அதனால்தான் அவருக்கு அப்படிக் குத்தியது.

அவள் மகள் முல்லைக்கொடி மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு. பென்சிலைக் கடித்துக்கொண்டே புத்தகத்தைத் தூக்கி வந்தாள்.

"மாமா, 'எந்தப் பட்டை மிக உயரம்?' நிறை. எழுதிட்டேன். 'எந்தப் பட்டை மிகக் குட்டை?' இங்க குறைக்குப் பட்டையே இல்லியே. யாருமே நிக்கலியா?"

"நின்னாங்கம்மா."

"அம்மா நின்னுச்சே! நானும்தான் நின்னேன். மோர்கூடக் குடிச்சேன்." அவள் படத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள், அழிந்துபோய்விட்டதோ என்று. "அப்ப நாங்க எந்த இடத்துல மாமா நின்னோம்?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சரிகை உறுத்தியது.

அன்றிலிருந்து அடுத்த வரிசை நாள் வரை அக்கா வீட்டுக்கு அவர் வீட்டிலிருந்து அரிசி போயிற்று. அக்கா அதில் பாதியைத் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தாள். தெரு பெரிய தெரு. அடுத்த தெருவும் பெரிய தெரு. வில்வண்டியில் அள்ளிக்கொண்டு போகிற அரிசியால் மூடக்கூடிய பள்ளமா அது? களஞ்சியம் திறந்தால்தான் உண்டு. களஞ்சியம் திறக்க, மேல்மாடத்தில் நிற்கிறவரின் கண்ணுக்கு அந்த வரிசை தெரிய வேண்டும்.

வரிசை நாள் விடிந்தது. பந்தல் தயாராக இருந்தது. நீர்மோர்ப் பானைகளுக்குப் பூச்சுற்றியிருந்தார்கள். அரியநாயகம் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பந்தலுக்குள் நுழைந்தார். வழக்கமாகக் கோடு போடும் இடத்தில் நிற்கவில்லை. நடந்தார். நடந்து நடந்து மறுபக்கம் வெளியே வந்து, பந்தலின் கடைசிக் காலுக்கு அப்பால் குனிந்து, வெயில் விழுகிற வெறும் மண்ணில் திடலின் குறுக்கே கோட்டை இழுத்தார். வேப்பமரத்தடிக் கோட்டைப் போலவே கொஞ்சம் கோணலாக வந்தது.

பேரமைச்சர் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"என்ன ஐயா இது? கோடு எங்கே போட வேண்டும் என்று தெரியாதா?"

"எங்கே போடணும்னு சட்டத்துல இருக்குங்களா?"

"இல்லை. ஆனால்..."

"ஒரே கோடா இருக்கணும், எல்லா வரிசையும் அதுல இருந்து ஆரம்பிக்கணும்னுதான் இருக்கு. பந்தலை நீங்க போட்டீங்க, நான் தொடல. கோடு என் வேலை."

"மோர் உள்ளே அல்லவா இருக்கிறது!"

"குடிச்சிட்டு வரட்டுங்க. யார் வேண்டாம்னா?"

சனங்கள் வந்தார்கள். கோட்டைத் தேடினார்கள். மோரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே வெயிலுக்கு வந்து நின்றார்கள். "என்னய்யா இந்த வருசம் இப்படிப் போட்டு வறுக்கிறாங்க?" "ஒதுங்கி நில்லுமா, தோள்ல கை வை." வண்டிகளும் வந்து நின்றன. வண்டிகளால் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போயின. குறை வரிசை அதைத் தாண்டியது. திடலின் எல்லையைத் தாண்டியது. கோட்டை வாசல் வழியாக வெளியேறி, சந்தை வழியாகப் போய், ஆற்றங்கரைப் படியில் இறங்கி நின்றது.

மேல்மாடத்தில் மன்னர் கண்ணைச் சுருக்கி வரிசை போன வழியையே பார்த்தார். பேரமைச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு, "அது வரிசை அல்ல, பெருமானே, ஆற்றுக்குக் குளிக்கப் போகிற கூட்டம்," என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"பச்சைச் சேலையில, பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு. அது யாரு?" என்று மன்னர் கேட்டார்.

"எங்க அக்கா."

"நாவப்பழம் பொறுக்கித் தருவாங்களே, அவங்களா?"

"அவங்கதான்."

மன்னர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். "டேய், உனக்கு நாவல்தானே பிடிக்கும்? அன்னைக்குப் பலா வரிசையில எதுக்குடா வந்து நின்னே?"

மேல்மாடத்தில் யாரும் அந்த 'டேய்' என்பதை எதிர்பார்க்கவில்லை.

"நீங்க அழுதீங்க. அதான்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு அவங்க அழறாங்க."

மன்னர் திரும்பி நின்றுகொண்டார். "கூவுடா," என்றார்.

அரியநாயகம் கூவினார். குறை வரிசையே நீளம் என்ற அந்தக் குரல் ஆற்றங்கரைப் படி வரைக்கும் கேட்டதாம். களஞ்சியம் திறந்தது. செங்கமலத்தின் அடுப்பிலிருந்து பூனை எழுந்து போயிற்று. மன்னர் மறுபடியும் கூழ் குடித்தார். இந்த முறை கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்று சமையல்காரர் சொன்னார்.

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரு நாடு. நாடு அப்படியெல்லாம் முடியாது.

கூழ் குடித்து மெலிந்த மன்னர் சீக்கிரமே நோயில் படுத்துவிட்டார். அவர் படுத்திருந்தபோது பேரமைச்சர் ஒரே ஒரு வரியில் புதுச்சட்டம் போட்டார்: கோடு எங்கே இருக்கிறதோ அங்கே பந்தல் இருக்கும். வரிசை கூறுபவர் பட்டம் வேறொருவருக்குப் போயிற்று. அரியநாயகம் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கரைக்கே குடிவந்துவிட்டார். அடுத்த வரிசை நாளுக்குள் களஞ்சியத்திலிருந்து வந்த அரிசி தீர்ந்துபோயிருந்தது. திடலில் இன்னும் பெரிய பந்தல். நீர்மோரோடு இந்த முறை பானகமும், ஆளுக்கு ஒரு விசிறியும். பந்தல் வாசலில் தோரணம் கட்டி எழுதியிருந்தார்கள்: களஞ்சியம் திறந்த நினைவுப் பந்தல்.

அரியநாயகம் தலையில் துணிகூட இல்லாமல் பந்தலுக்கு அப்பால் போய் வெயிலில் நின்றார். தனியாக, பலா வரிசையில் நின்ற இளவரசரைப் போல.

நிழலுக்குள்ளிருந்து ஒரு குரல். "டேய் தம்பி! மண்டை வெடிக்குது, அங்க என்ன பண்றே? உள்ள வா, இடம் இருக்கு!"

"நீ வெளிய வாக்கா!"

செங்கமலம் கையில் பானகக் குவளையோடு நின்றாள். தம்பியைப் பார்த்தாள். தலைக்கு மேல் கூரையைப் பார்த்தாள். பக்கத்தில் முல்லைக்கொடி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உள்பக்கமா, வெளிப்பக்கமா என்று கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை.

அவள் வெளியே வந்தாளா என்று கேட்கிறீர்கள். உங்கள் ஊரில் அடுத்த வரிசை நாள் எப்போது, கண்ணுகளா? அன்றைக்குப் போய்ப் பாருங்கள்.

நேரமாயிற்று, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் பூனை படுக்காமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் அடியைப் பார்க்கட்டும். உங்கள் வாசலில் பந்தல் போட்டால் அது கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மட்டுமே போட்டதாக இருக்கட்டும். நீங்கள் அழுதால், உங்கள் தோளில் வந்து விழ ஒரு கை எப்போதும் இருக்கட்டும்.